சிரட்டைக் கனல்

றபானுக்கு மழை ஆகாது. ஆட்டுத்தோல் ஈரக்காற்றைக் குடித்துவிட்டால் தளர்ந்துபோகும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலத்தான் சத்தம் வரும். மாத்தளையில் ஒக்டோபர் மாதமென்றால் சொல்லவும் வேண்டாம். காலையில் வெயில் எறிக்கும், பின்னேரம் ஆனதும் இடி மின்னலோடு கொட்டும். 2019 ஒக்டோபரில் அப்படியான ஒரு பின்னேரத்தில்தான், பத்துப் பையன்களையும் ஆறு றபான்களையும் ஒரு வேனுக்குள் அடைத்துக்கொண்டு, உக்குவளைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாத்தளை நகரத்து மண்டபமொன்றுக்குப் போனேன்.

எங்களுடையது சிறிய பாடசாலை. பேண்ட் வாத்தியம் வாங்க வசதியில்லை. வீடுகளின் பரண்களில் கிடந்த றபான்களைத் தேடி எடுத்து, தோல் கிழிந்தவற்றுக்குத் தோல் மாற்றி, ஒரு குழு உண்டாக்கினேன். மௌலூதும் கந்தூரியும் குறைந்துபோன பிறகு அவை யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தன. ஆட்சேபித்த பெற்றோரும் உண்டு. கல்யாணத்தில் தஃப் அடித்த ஹதீஸை எடுத்துச் சொன்னேன். சிலர் ஏற்றார்கள். ஒருவர் மட்டும் இன்றுவரை என் ஸலாத்துக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அதுவரை நாங்கள் மீலாத் மேடைகளிலும் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும்தான் பாடியிருந்தோம். முன்னால் இருப்பவர்கள் நம்மவர்கள், அல்லது நம் மொழி தெரிந்தவர்கள். அன்றைய கலைவிழாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். அது நடந்த ஆண்டோ 2019. ஏப்ரல் 21 ஆம் திகதிக்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் பைகளையும் முகங்களையும் பார்த்த கண்களை எங்கள் பிள்ளைகள் மறந்திருக்கவில்லை. அதற்கு முந்திய வருடம் மார்ச் மாதம் பக்கத்து மாவட்டத்தில் திகன எரிந்தது. எங்கள் மாவட்டத்திலேயே தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது 2012 ஏப்ரலில். இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அந்தப் பிள்ளைகளின் காதில் விழுந்திருந்தது. அழைப்பு வந்ததும் நான் ஏன் மறுக்கவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். மறுத்திருந்தால் அடுத்த அழைப்பு வராது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

வேனை விட்டு இறங்கியபோதே முன்பாட்டுக்காரன் முகம் வெளுத்திருந்தது. தரம் பத்துப் பையன், குரல் உடையத் தொடங்கிய வயது. மண்டபத்தின் பின்பக்கத்தில் வைத்து என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"எனக்கு ஏலா சேர். வவுத்தப் பெரட்டுது."

"ஒண்டுமில்ல. பயப்படாத."

"தொப்பியோடயா ஏற சேர்? கூ அடிச்சா என்ன செய்ற?"

"பயப்படாத" என்றேன் மறுபடியும். ஆசிரியத் தொழிலுக்கு வந்த இத்தனை வருடத்தில் இந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒரு பிள்ளைக்காவது அதனால் பயம் போனதாக ஞாபகமில்லை. அதிரினலின் என்ன செய்யுமென்று விஞ்ஞான சேர் அவர்களுக்குப் படிப்பித்திருந்தார். இதயம் வேகமாக அடிக்கும், இரைப்பைக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்பும், கை குளிரும், நாக்கு வறளும். உடல் ஓடுவதற்கோ சண்டை பிடிப்பதற்கோ ஆயத்தமாகிவிட்டது. நாமோ அதனிடம் ஓரிடத்தில் அசையாமல் இருந்து மெல்லப் பாடு என்கிறோம். பிறகு எங்கோ வாசித்தேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து அலிஸன் வுட் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாடுவதற்கு முன்னர் "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்களாம். படபடப்பை அடக்காமல் அதற்கு வேறு பெயர் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆய்வில் பாடியவர்களுக்குத் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி இருந்திருக்காது.

உண்மையில் அவனைவிட நான்தான் பயந்திருந்தேன். அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. கிழக்கில் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், விடுதி மாணவர்களின் கலை இரவொன்றில் நாங்கள் ஐந்து பேர் றபான் தட்டிப் பாடினோம். இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்கு வரி மறந்தது. வரி மட்டுமல்ல, நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்தது. விளக்கு வெளிச்சமும், முன்வரிசையில் விரிவுரையாளர்களின் வெள்ளைச் சட்டைகளும் மட்டுமே தெரிந்தன. அதற்குப் பிறகு நான் மேடையில் பாடவேயில்லை. பையன்களைப் பாடவைக்கிறேன்.

மண்டபத்தின் பின்னால் தகரக் கூரை இறக்கிய ஒரு தாழ்வாரம் இருந்தது. அங்கே கைறபான் ஆட்டக்குழு ஒன்று தன் முறைக்காகக் காத்திருந்தது. அவர்களின் தலைவர் எழுபதை அண்டிய சிங்களப் பெரியவர். பழைய தகர டின் ஒன்றில் சிரட்டைக் கனல் போட்டு, ஒவ்வொரு றபானாகச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பையனொருவன் சும்மா விரலால் தட்டிப் பார்த்த சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. தலையை ஆட்டிச் சிரித்தார். கொண்டு வாங்க மகன், இப்படித் தட்டினால் உங்கள் பாட்டு ஈரமாகத்தான் கேட்கும் என்று சிங்களத்தில் சொன்னார்.

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன்.

தோலைக் கனலுக்கு மிக அருகில் கொண்டுபோகக் கூடாது, கருகிவிடும். கையைத் தோலுக்கும் கனலுக்கும் இடையில் வைத்துப் பார்க்க வேண்டும். கைக்குச் சுட்டால் தோலுக்கும் சுடும். சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரம் முதலில், நடு பிறகு. இடைக்கிடை தட்டிக் கேட்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல ஆறு பையன்களும் குந்தியிருந்து செய்தார்கள். மற்ற நால்வரும் சிரட்டை உடைத்துப் போட்டார்கள். முன்பாட்டுக்காரன் கையில் றபான் இல்லை. அவன் ஊதும் வேலையை எடுத்துக்கொண்டான். கனலை ஊதுகிறவன் மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட வேண்டும். பாடுவதற்கு முன் நான் சொல்லிக்கொடுத்து அவன் செய்யாத காரியம் அதுதான்.

எகிப்தின் உம்மு குல்தூம் மேடையில் எப்போதும் கையில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தார். அரபுலகமே காத்திருந்து கேட்ட குரலுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு துண்டுத் துணி வேண்டியிருந்தது. அன்று எங்கள் பையன்களின் கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் றபான்களின் குரலும் பையன்களின் குரலும் மாறியிருந்தன. ஒருவனையொருவன் கேலி பண்ணத் தொடங்கினார்கள்.

"உங்களுக்குப் பயம் வாறதில்லையா?" முன்பாட்டுக்காரன் அரைகுறைச் சிங்களத்தில் பெரியவரிடம் கேட்டான். அவர் வலது கையைக் கனலுக்கு மேலே நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. நாற்பது வருடமாக இப்படித்தான், தட்டத் தொடங்கினால் நின்றுவிடும் என்றார். பிறகு எங்கள் றபானொன்றை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டார். றபான் என்றோம். நாங்களும் றபான என்றுதான் சொல்கிறோம் என்றார். மலாய்க்காரரின் றெபானாவும் இதற்கு உறவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. வாத்தியார்த்தனம் வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. தொப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. பத்துப் பேரும் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஏறுமுன் வழக்கம்போல மூஸா நபி (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் சபைக்குப் போகுமுன் கேட்ட துஆவை ஓதினோம். நெஞ்சு விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் கேட்கும் துஆ.

திரை விலகியது. மண்டபம் ஓசையில்லாமல் இருந்தது. அந்த அமைதி நல்லதா கெட்டதா என்று பக்கத்திலிருந்து பார்த்த எனக்குப் பிடிபடவில்லை. ஒலிவாங்கி ஒருமுறை கீச்சிட்டது. ஸலவாத் நன்றாகப் போனது. கஸீதாவின் முதல் அடியை எடுத்தவன் உச்சத்துக்குப் போனதும் குரல் உடைந்து நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் வயிறு கலாசாலை மேடைக்கே போய்விட்டது. ஆனால் றபான்கள் நிற்கவில்லை. ஆறும் அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவனுக்கு இடப்பக்கத்தில் இருந்தவன், ஒத்திகையில் எப்போதும் திட்டு வாங்குகிறவன், அந்த அடியைத் தாழ்ந்த குரலில் பிடித்தான். முன்பாட்டுக்காரன் ஒரு சுற்றுத் தாளத்தைக் கேட்டிருந்துவிட்டு அதே தாழ்ந்த சுருதியில் சேர்ந்துகொண்டான். முடிந்ததும் கைதட்டல் வந்தது. பெரிய கைதட்டலென்று சொல்லமாட்டேன். எல்லாக் குழுக்களுக்கும் கிடைத்த அளவுதான். எல்லோருக்கும் கிடைத்த அளவு எங்களுக்கும் கிடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து குர்ஆனை எடுத்து ஸூரா தாஹாவில் அந்த துஆ வரும் இடத்தைத் திறந்தேன். பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக்கென்று சொல்லிக்கொடுக்கும் நாங்கள் நாவின் முடிச்சோடு நிறுத்திவிடுகிறோம். அந்த வேண்டுதல் அங்கே முடிவதில்லை. அடுத்ததாக மூஸா நபியவர்கள் தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படி கேட்கிறார்கள். இத்தனை வருடம் ஓதியும் அது என் மனதில் பதிந்திருக்கவில்லை.

அப்போதுதான் கலாசாலை இரவின் மீதியும் ஞாபகம் வந்தது. நான் ஊமையாகிப்போனபோது, பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்றுக் கூட்டாளி என் முழங்காலைத் தன் முழங்காலால் இடித்துவிட்டு, என் வரியையும் சேர்த்து இரண்டு பங்கு சத்தமாகப் பாடினான். பாட்டு நிற்கவேயில்லை. சபையில் பலருக்கு என் தடுமாற்றம் தெரிந்திருக்கவும் மாட்டாது. நான் வெட்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் வந்து, அந்த முழங்காலை அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்த நாள் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனுக்கு அப்படியொன்று நடந்ததே ஞாபகமில்லை. "நீ நல்லாத்தானே மச்சான் பாடின" என்றான்.

அந்தப் பையன்கள் இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டார்கள். முன்பாட்டுக்காரன் கட்டாரில் வேலை செய்கிறான். புதிய குழுவின் றபான்களில் நான்குக்குப் பிளாஸ்டிக் தோல். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சத்தம், சூடுகாட்டினால் உருகிவிடும். மிச்சம் இரண்டையும் மாற்றிவிடலாமென்று அதிபர் சொல்கிறார், பணமும் இருக்கிறது. நான் நாளைக் கடத்துகிறேன். போட்டிக்குப் புறப்படும் காலைகளில், வேன் ஏறுமுன் யாராவது ஒரு பையன் கேட்பான்.

"சேர், டின்னும் சிரட்டயும் எடுத்தாச்சா?"