வாத்துக்கு முன்னாடி படுத்துக் கிடப்பது எப்படி?

"லேஅவுட் ப்ளைண்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?"ன்னு தமிழ்ல ஒரு பதிவு போட்டா மொத்தம் எத்தனை பேருக்குப் பயன்படும்? என் கணக்குப்படி நாலு பேர். அதுல ஒருத்தன் நான், இன்னொருத்தன் என் பையன். :-) இருந்தாலும் எழுதுறேன். மூணு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கிற விஷயத்தை எங்கயாவது இறக்கி வைக்கணுமே.

முதல்ல இடம் பொருள் சொல்லிடறேன். நான் குப்பை கொட்டுவது வடக்கு டகோட்டாவில், ஃபார்கோ பக்கம். சப்பாத்திக் கல் மாதிரி தட்டையான ஊர். மேற்கே போகப் போக, பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுட்டுப் போன ஆயிரக்கணக்கான குட்டைகள். வட அமெரிக்காவின் "வாத்துத் தொழிற்சாலை"ன்னே இந்தப் பகுதிக்குப் பேர். வாத்தும் கூஸும் ராத்திரி தண்ணியில தங்கும். விடிஞ்சதும் அறுவடை முடிஞ்ச கோதுமை, பார்லி வயலுக்குக் கூட்டங்கூட்டமா வந்து சிந்தின மணியைப் பொறுக்கும். வேட்டைக்காரன் அங்கேதான் காத்திருக்கணும். ஆனா எங்க ஒளியறது? மரம் கிடையாது, புதர் கிடையாது. கணுக்கால் உயரத்துக்கு அரிதாள் மட்டும்தான் (நம்மூர்ல நெல் அறுத்த பிறகு நிக்குமே, அதே சமாச்சாரம்).

அதுக்குத்தான் லேஅவுட் ப்ளைண்ட். அலுமினியம் இல்லைன்னா இரும்புச் சட்டம், மேல கெட்டித் துணி. உள்ள மல்லாக்கப் படுத்துக்கணும். நெஞ்சுக்கு மேல ஜன்னல் மாதிரி ரெண்டு கதவு. பறவை இறங்கும்போது கதவைத் தள்ளிட்டு எழுந்து உட்கார்ந்து சுடணும். கூடத்துல விரிச்சு வச்சு நான் படுத்துப் பாத்தப்போ, "ஏங்க, பொட்டி மாதிரி இருக்கு, எந்திரிங்க"ன்னாங்க வீட்டம்மா.

இந்த வருஷம் எனக்கு ஒண்ணு போதாது. பையனுக்கு 13 வயசு. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிச்சுச் சான்றிதழ் வாங்கிட்டான். இங்க செப்டம்பர்ல ஒரு வார இறுதியை 15 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பசங்களுக்குன்னே ஒதுக்குவாங்க. கூட ஒரு பெரியவர் போகணும், ஆனா அவர் வாத்து சுடக் கூடாது. ஆக, சுடப்போறது அவன், பக்கத்துல வெறுங்கையோட படுத்துக் கிடக்கப்போறது நான்.

இதை அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோன்னு நீங்க நினைக்கலாம், ஆனா சொல்லாம எப்படி? எங்களுக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கல் கூப்பிடு தூரம். பறவை பயந்துடும்னு தீபாவளிக்கு வெடி கூட வெடிக்காத மண்ணு அது. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அடிபட்டுத் துடிச்சிக்கிட்டே பறந்து போயிடுச்சின்னா, அந்தப் புள்ள ராத்திரி தூங்குவானாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சரியான கேள்வி. ஊசிவால் வாத்து நம்ம வேடந்தாங்கலுக்கும் குளிர்காலத்துல வருது, இங்க குட்டையிலயும் குஞ்சு பொரிக்குது. கூட்டம் வேற, இனம் ஒண்ணுதான். அம்மா பார்த்துப் பழகின அதே பறவை. கறி எப்படியும் மிளகு போட்டு வறுத்து நம்ம வீட்டுத் தட்டுக்குத்தான் வரும்னு நான் சொல்லிடலாம். சுட்டுட்டு விழாம போற பறவைக்கு என்ன பதில் இருக்கு?

இங்கதான் ப்ளைண்ட் விஷயம் வெறும் ஷாப்பிங்கா இல்லாமப் போச்சு. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை (சிந்தின குண்டைத் தின்னு பறவைகள் விஷமேறிச் செத்ததுதான் காரணம்). இப்போ பெரும்பாலும் எஃகு. எஃகு ஈயத்தை விட லேசு, அதனால தூரம் போகப் போகச் சீக்கிரம் வேகமும் வலுவும் குறைஞ்சிடும். பையன் கையில இருக்குறது சின்ன 20 கேஜ் துப்பாக்கி. அவனுக்கு நான் போட்டிருக்கிற எல்லை 25 கஜம். அதுக்குள்ள வந்தா பறவை அங்கேயே விழும். 50 கஜத்துல ஆசைப்பட்டுச் சுட்டா, அம்மா கேட்டதுதான் நடக்கும்.

25 கஜத்துக்குப் பறவை வரணும்னா அது நம்மளைப் பார்க்கவே கூடாது. அதைத் தீர்மானிக்கிறது ப்ளைண்ட். அந்தக் கண்ணோட்டத்தோட நான் பார்த்த விஷயங்கள்:

1. உயரம். தரையிலிருந்து எவ்வளவு மேடா நிக்குதுங்கிறதுதான் முதல் கேள்வி. வாத்து நம்மளை மேலேருந்து பார்க்குது. காலை வெயில் சாய்வா விழும்போது மேடு எவ்வளவோ அவ்வளவு நிழல். துணியில என்ன டிசைன் இருந்தாலும் நிழல் காட்டிக் கொடுத்துடும். உள்ள தாராளமா இருக்கணும்னு ஆறரை அடி ஆளுக்கான பெட்டியை வாங்கினா, அஞ்சரை அடி ஆளான நான் காலி இடத்தையும் சேர்த்து ஒளிச்சு வைக்கணும்.

2. உடம்பளவு. பையன் இன்னும் குள்ளம். பெரிய ப்ளைண்ட்ல சறுக்கிக் கீழ போயிட்டா அவனுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, எந்திரிக்கவும் நேரமாகும். முதுகுச் சாய்மானத்தை ஏத்தி இறக்க வசதி வேணும். கதவு ஒரு கைத் தள்ளல்ல திறக்கணும். கடையிலேயே படுக்க வச்சுப் பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். விற்பனைப் பையன் சிரிச்சான். சிரிக்கட்டும்.

3. துணி. கோதுமை வயலுக்கு வெறும் காக்கி நிறமே போதும். முக்கியமானது அரிதாளைச் செருக நிறைய பட்டைகள் இருக்கணும். புதுத் துணி பளபளக்கும். அதனால அந்த வயல் மண்ணையே வாளியில குழைச்சு, துடைப்பத்தால மேல பூசி, காயவச்சு உதறணும். மண் சாயம் துணியில இறங்கிடும். நம்ம பாட்டி சாணி தெளிச்சு மெழுகின மாதிரியே. :-)

4. அடிப்பாகம். ஈரம் ஏறாத கெட்டித் தளம் வேணும். நனைஞ்சு நடுங்குற புள்ளை பொறுமையா காத்திருக்காது. பொறுமை போனா தூரத்துல சுடத் தோணும்.

5. எடை. வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு இருட்டுல சுமந்துகிட்டு நடக்கணும். பத்து கிலோவே கடைசி நூறு கஜத்துல இருபதா கனக்கும்.

சமீப வருஷங்களா இங்க நிறைய பேர் 'ஏ ஃப்ரேம்'க்கு மாறிட்டாங்க. வரிசையா நாற்காலி போட்டு முன்னாடியும் பின்னாடியும் தட்டி கட்டின மாதிரி இருக்கும். முதுகுவலிக்காரங்களுக்கு வரம். ஆனா பக்கத்துல வரப்போ மரவரிசையோ உயரமான புல்லோ இருக்கணும். நட்டநடு வயல்ல அது வீடு கட்டின மாதிரி தெரியும். எனக்கு நிலம் தர்ற பக்கத்துப் பண்ணைப் பெரியவரோட வயல்ல பறவை இறங்குறது நட்டநடுவுலதான்.

கடைசியா நின்னது ஒரே கேள்வி. ரெண்டு பேர் படுக்கிற ஒரே ப்ளைண்டா, தனித்தனியா ரெண்டா? வீட்டம்மா ஓட்டு ஒரே பெட்டிக்கு, "புள்ளை உங்க கைக்குள்ளயே இருக்கட்டும்"னு. நியாயம்தான். ஆனா அது அகலம், மேடும் ஜாஸ்தி. உள்ள ரெண்டு பேர் முழங்கை இடிக்கிற இடத்துல துப்பாக்கியைத் தூக்குறது எனக்குப் பிடிக்கல. பெட்டிக்குள்ள துப்பாக்கி முனை எப்பவும் கால்பக்கம் வெளிய பார்த்துதான் இருக்கணும். முதல்ல உட்காரணும், அப்புறம் தோளுக்கு, அப்புறம்தான் சேஃப்டி. யாரும் எழுந்து நிக்கவே கூடாது. இதுக்கெல்லாம் அவனுக்கு அவனோட இடம் வேணும்.

அதனால தனித்தனியா ரெண்டு வாங்கிட்டேன். பையன் இடதுகைக்காரன். மல்லாந்து எழுந்தா இடதுகைக்காரனுக்கு உடம்பு வலப்பக்கம்தான் சுலபமா திரும்பும். அதனால அவன் எனக்கு வலப்பக்கம். திரும்பினா என்னை விட்டு விலகித்தான் திரும்புவான். பறவை எப்பவும் காத்தை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால தலையைக் காத்து வர்ற பக்கம் வச்சு, காலை எதிர்ப்பக்கம் நீட்டிப் படுப்போம். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கதவுகள் மோதாத இடைவெளி, நான் கை நீட்டினா அவன் தோளைத் தொடுற நெருக்கம். தோளைத் தட்டினா எழுந்து சுடலாம். தட்டலைன்னா பறவை பறந்து போகட்டும். கால்மாட்டுல 25 கஜத்துல ஒரு பொம்மை வாத்தைத் தனியா வைக்கப்போறேன். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பறவை நம்மளது இல்லைன்னு ஒப்பந்தம்.

நேத்து வாசல்ல ரெண்டு பேரும் மண் குழைச்சுப் பூசினோம். வீட்டம்மா குழாயைப் பூட்டாத குறை. அம்மாகிட்ட ஒப்பந்தத்தைச் சொன்னேன். "தட்டாமலே இருந்துட்டா?"ன்னாங்க. "தட்டாமலே வீட்டுக்கு வந்துடுவோம்மா"ன்னேன். "அப்பச் சரி, அவனுக்குக் காதை மூடுற மாதிரி குல்லா போட்டு விடு"ன்னு வச்சிட்டாங்க.

பி.கு: பொம்மை வாத்துக்கு ஆங்கிலத்துல 'டிகாய்'. வேட்டையில மத்ததை ஈர்க்கக் கட்டி வைக்கிற விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழ்ல 'பார்வை'ன்னு பேர். அகராதியைப் புரட்டிப் பாருங்க. எவ்வளவு அழகான சொல்லை விட்டுட்டோம் மக்களே!