வேகாத வெள்ளைக்கரு

ஓமந்தூரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஏரிக்கரை மேல் ஏறி நின்றாலும் தெரியாது. எங்களுக்குக் கடல் கூடையில்தான் வந்தது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்கார ஆயா ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் வருவாள். "கெழங்கா இருக்குது, காரப்பொடி இருக்குது, வாங்கிக்க தாயி" என்று தெருமுனையில் அவள் குரல் கேட்கும்போதே பூனைகள் திண்ணைக்கு வந்துவிடும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் காசே வேண்டாம். ஒரு படி மல்லாட்டைக்கு இவ்வளவு கருவாடு என்று அவளுக்கும் எங்கள் ஆயாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இருவரும் சண்டை போடாத நாள் எனக்கு நினைவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஓமந்தூர் என்றால் ராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்துவிட்டு, பதவியை விட்ட கையோடு வள்ளலார் வழியில் வடலூருக்குப் போனவர். அவரைப் பார்த்துப் புலாலை விட்டவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். எங்கள் வீடு விடவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு மாசி மாதம் மீன்கார ஆயா கூடையின் அடியில் துணிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உருண்டைகளை எடுத்தாள். பிங்பாங் பந்து அளவு. விரலால் அழுத்தினால் ஓடு உடையாமல் பள்ளம் விழுந்தது. "ஆமை முட்டை. புள்ளைக்குக் குடு, சூட்டுக்கு நல்லது" என்றாள். இருபது இருக்கும். எங்கள் ஆயா சட்டியில் போட்டு வேகவைத்தாள். மஞ்சள்கரு கட்டியாகிவிட்டது. வெள்ளைக்கரு மட்டும் தண்ணீராகவே நின்றது.

"இன்னும் வேவல ஆயா."

"அது வேவாதுடா. நாளெல்லாம் எரிச்சாலும் வேவாது."

ஆயா சொன்னது சரிதான். ஆமை முட்டையின் வெள்ளைக்கரு எவ்வளவு கொதித்தாலும் கோழிமுட்டை போல உறையாது. அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு மஞ்சளை மட்டும் தின்றேன். மணல் கடித்த மாதிரி ஒரு ருசி. அதற்குமேல் நினைவில் இல்லை.

எங்கள் பக்கத்து ஜனம் கடலைத் தேடிப் போவது வருடத்தில் ஒரு நாள், மாசி மகத்தன்று. மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார், திண்டிவனத்துப் பெருமாள் எல்லோரும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவார்கள். பின்னால் எங்கள் மாட்டுவண்டி. கட்டுச்சோறு, புளியோதரை, வைக்கோல். முட்டை தின்றதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்ததோ, கூட்டத்துக்குப் பயந்து மாமா என்னை வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தார். அன்று அந்தக் கரை எவ்வளவு அகலம் என்றால், ஈரமணலிலிருந்து பனைமரம் வரை ஓடிப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நடுவே அடும்புக் கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. அந்தப் பூவை இரண்டாகப் பிளந்துகொண்டு டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் மேலே ஏறி, திரும்பி இறங்கியிருந்தது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "டிராக்டரு இல்ல தம்பி. பங்குனி ஆமை. ராத்திரி ஏறி முட்ட வுட்டுட்டுப் பூட்டுது."

பங்குனி ஆமை என்பது குப்பத்தார் வைத்த பெயர். தை மாதத்திலேயே கரையேறத் தொடங்கினாலும் பங்குனிக்குள் முடித்துவிடும். ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும். மூடிவிட்டுப் போனால் தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. அகநானூற்று 160ஆம் பாட்டு, ஆமை அடும்புக் கொடியருகே புதைத்த முட்டையைக் குஞ்சு பொரியும் வரை ஆணாமை காப்பதாகச் சொல்கிறது. அது புலவரின் ஆசை. உண்மையில் ஆணாமை கரைக்கே வருவதில்லை. காப்பது மணலின் சூடு ஒன்றுதான். 50 நாள் போல அது அடைகாக்கிறது. சூடு மிகுந்தால் பெண் குஞ்சு, தணிந்தால் ஆண்.

அந்த மணல்தான் இப்போது இல்லை.

1980களின் கடைசியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைக் குப்பத்தார் தெண்டி என்பார்கள். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அது மணலையும் வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவரில் முட்டிய மணல் தெற்கே குவிந்தது. வடக்கே போய்ச் சேரவில்லை. புதுச்சேரி நகரக் கரை தேய்ந்தது, அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வீடும் தென்னையும் வலை உலர்த்தும் இடமும் கடலுக்குள் போயின. அங்கெல்லாமும் கல். 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியது. செல்ஃபி எடுக்கக் கூட்டமும் திரும்பியது. குப்பங்களுக்குக் கல்தான். முட்டையிட வரும் ஆமைக்குக் கல்லில் ஏறத் தெரியாது.

நான் தின்ற முட்டையை இன்று விற்றால் ஜெயில். ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இருக்கிறது. முட்டையைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சைக் கடலில் விடும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடக்கிறார்கள். கூடை முட்டை வியாபாரம் ஒழிந்தது, நல்லது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னையிலிருந்து எங்கள் மாவட்டக் கரை வரை நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. மீனை வைத்துக்கொண்டு ஆமையை வெளியே விடும் கம்பிச் சட்டமும் இருக்கிறது. அந்தக் கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால் மீனும் கொஞ்சம் போகும் என்கிறார்கள் படகுக்காரர்கள். போகட்டுமே, அந்த நஷ்டத்தை அரசு ஈடுகட்டக் கூடாதா?

இதையெல்லாம் கடல் தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால் எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கடைபோகும் தண்ணீர் கழுவேலிக்குத்தான் இறங்குகிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அந்தக் கழுவேலி. அங்கிருந்து எடையன்திட்டு வழியாகக் கடல். போன மழையில் எங்கள் ஏரிக் கலங்கலில் போய் நின்றேன். நாங்கள் குளித்த இடம். பூச்சிமருந்து டப்பா, பால் கவர், விதைப் பாக்கெட், பிய்ந்த செருப்பு எல்லாம் நுரையோடு தாவிக் குதித்துக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன.

அந்தக் காலத்தில் கடல் எங்களுக்குக் கூடையில் மீன் அனுப்பியது. பதிலுக்கு மல்லாட்டை கொடுத்தோம். இப்போது நாங்கள் அனுப்புவது இந்தக் குப்பை. ஓமந்தூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலங்கலுக்கு வாருங்கள். சாக்குப்பை நான் கொண்டுவருகிறேன்.