போடிச் சந்தையில் மழையும் மேளமும்

ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு அப்பளம் நமத்துப் போயிருக்கிறதா? போயிருக்கும். அனலில் ஒரு கணம் காட்டினால் பழையபடி மொறுமொறுப்பாகி விடுகிறது. இந்த அப்பள சமாசாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போடிநாயக்கனூர்ச் சந்தையில் நான் பார்த்ததற்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

போடிக்குப் போவது இப்போது சிரமமில்லை. 1928-ல் மதுரையிலிருந்து வந்த ரயில், பாதையை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊரைக் காக்க வைத்துவிட்டு 2023 ஜூனில் திரும்பி வந்தது. ஊருக்குள் நுழைந்தால் மேற்கே சுவர் எழுப்பினாற்போல் மலை. நான் போன அன்று அந்தச் சுவரில் பாதியைக் காணோம், மேகம் விழுங்கியிருந்தது.

உங்கள் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர் இது. ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆனால் காயைப் பறிப்பது இன்றும் பெண்களின் கைதான். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தியாக வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ தேறும். மழையில் விளைந்து நெருப்பில் முடிகிற சரக்கு!

தீபாவளிக்கு முந்திய சந்தை அது. வாழைக்காய்க் குவியல், வளையல் கடை, ஈயப் பாத்திரம், மலைப்பூண்டு எல்லாம் இருந்தன. ஒரு ஜவுளிக் கடை வாசலில் கூட்டம் சேர்ப்பதற்காக மேளம் வைத்திருந்தார்கள். ஒரு நாயனம், ஒரு தவில், இரண்டு தப்பு. தப்பு அடித்தவர்களில் ஒருவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். மற்றவன் அவருடைய பேரன். பாதிக் கூலி முன்பணம்; மீதி, விளக்கு வைக்கும் வரை வாசித்தால்.

மூன்று மணிக்கு மழை வந்தது. முதலில் சாரல், அப்புறம் தார்ப்பாய் தாங்காத மழை.

நாயனக்காரருக்குக் கவலையில்லை. சீவாளி வாயில் ஈரமானால்தான் பேசும். தவில்காரர் திருகாணியை முறுக்கிச் சமாளித்துக்கொண்டார். பேரனுடைய தப்புக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்; அதில் போர்த்தியிருப்பது தோல் அல்ல, ஃபைபர். இப்போதெல்லாம் பல இடங்களில் அப்படித்தான். பெரியவருடைய தப்போ பழைய கட்டு: வேப்ப மரச் சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத் தோல். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும். தளர்ந்தால் சத்தம் இறங்கும். கால் மணி நேரத்தில் அந்தத் தப்பு, நனைந்த கோணிப்பையைத் தட்டுவது போல் 'பொத் பொத்' என்றது.

கடைக் கணக்குப்பிள்ளை வாசலுக்கு வந்தார். "பெரியவரே, உம்ம கொட்டு கேக்கவே இல்லையே! பையன் ஒருத்தன் அடிச்சாப் போதும். உம்ம பங்கைக் கழிச்சுக்கலாமா?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அதுதான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் பதில் பேசவில்லை. தோலைக் காய்ச்ச வைக்கோல் வேண்டும். சந்தையில் இருந்த வைக்கோலெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. எதிரே ஒரு டீக்கடை, விறகடுப்பு. கடை நடத்துகிற அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இங்கே வாங்க மாமா" என்று கூப்பிட்டாள். பால் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

இல்லத்தரசிகளே, இது சின்ன விஷயமில்லை. மழை கொட்டுகிறது, சந்தையே டீ கேட்டு நிற்கிறது. அவளுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் வியாபாரம். அந்த நேரத்துக்கு அடுப்பைத் தப்புக்குக் கொடுத்துவிட்டாள்!

பெரியவர் தப்பை அனலுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்து, தோசையைத் திருப்புகிற மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டினார். கிட்டே போனால் தோல் கருகிவிடும், பசை விட்டுவிடும். நடுநடுவே நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். 'பொத்' என்றது 'தொம்' ஆயிற்று. 'தொம்' 'டங்' ஆயிற்று.

"எங்க அப்பன் காலத்துல நெருப்பு வேணும்னா ரோட்டுல நின்னு கேக்கணும், தாயி. இப்படி அடுப்பு வரைக்கும் வரமுடியாது" என்றார் பெரியவர். அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அது அந்தக் காலம், மாமா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இந்த மலைப் பக்கத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. மேலே தேவிகுளம் தொகுதியில் 1958-ல் இடைத் தேர்தல் நடந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவே பாடி, ரோசம்மா புன்னூஸுக்கு ஓட்டுக் கேட்டார். அந்த அம்மாள் ஜெயித்தார். (முந்திய வருஷம் கேரளச் சட்டசபையில் முதன் முதலாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டவரும் அவர்தான்.) பாவலரோடு ஊர் ஊராகப் பாடப் போன தம்பி ராசையாவை உங்களுக்கு இளையராஜா என்றால் தெரியும். அவர்களுக்குத் தொண்டையும் ஆர்மோனியமும் துணை. பெரியவருக்கு இந்த ஒரு தோல்.

ஐந்து மணிக்கு ஜீப்புகள் இறங்கின. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் குதித்தார்கள். சரியாக அப்போதுதான் காய்ந்த தப்போடு பெரியவர் வாசலுக்குத் திரும்பி அடிக்க ஆரம்பித்தார். பேரனுடைய ஃபைபர் சத்தம் கூர்மையானது. எட்டுத் தெருவுக்குக் கேட்கும். தோலின் சத்தம் அப்படியல்ல. நின்றவர்களின் நெஞ்சுக் கூட்டில் போய் அதிர்ந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் இரண்டும் சேர்ந்தபோதுதான் மேளம் முழுசாக இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

"ஏய், தோல் கொட்டுடி!" என்றாள் ஒருத்தி. நாலைந்து பேர் நின்றார்கள். ஜவுளிக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினவர்கள் புடவையை விரலால் தடவிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உள்ளேயும் போய்விட்டார்கள். கணக்குப்பிள்ளை பங்கு கழிப்பதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஒரு தடவை காய்ச்சினால் இருபது நிமிஷம்தான் தாங்கிற்று. விளக்கு வைப்பதற்குள் நாலு முறை அடுப்புக்கு நடந்தார். நாலு முறையும் பால் சட்டி இறங்கிற்று.

முழுக் கூலி கைக்கு வந்ததும் பெரியவர் டீக்கடைக்குப் போய் நோட்டை நீட்டினார். அவள் குடித்த டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, விறகுக்கு வாங்கமாட்டேன் என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

மழை விடவில்லை. பெரியவர் துண்டை அவிழ்த்துத் தப்பைச் சுற்றி, அதன் மேல் உரச் சாக்கையும் போர்த்தி, மார்போடு அணைத்துக்கொண்டு வெறுந்தலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பேரன் பின்னாலேயே ஓடி, தன் ஃபைபர் தப்பைத் தாத்தாவின் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தான். மழை அதன் மேல் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது.