கத்திக்கு முன் கதிர்

நோய் இன்னதென்று அறிந்தவுடன் அதனை வெட்டி எறிந்துவிட வேண்டும் என எண்ணுவது மனித இயல்பு. களம் எனப்படும் உணவுக்குழாயிற் புற்றுநோய் கண்டவருக்கு அவ்வெண்ணம் இன்னும் கடுமையானது. முதலிற் சோறு இறங்க மறுக்கின்றது. பின்னர் கஞ்சியும், ஈற்றில் நீரும் தடைப்படுகின்றன. உடல் நாளுக்கு நாள் மெலியும் வேளையில், சத்திரசிகிச்சைக்கு முன் ஐந்து வாரம் கதிர்ச்சிகிச்சை பெற வேண்டும், அதன்பின்னும் உடல் தேறச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும் என்று வைத்தியர் கூறினால், தாம் கைவிடப்பட்டதாகவே நோயாளர் கருதுகின்றார்.

அத்தாமதம் வீணன்று. குடலைப் போர்த்தி நிற்பது போன்ற புறச்சவ்வு களத்தின் பெரும்பகுதிக்கு இல்லை. ஆதலாற் கட்டி சுவரைக் கடந்து, அருகிலுள்ள மூச்சுக்குழலையும் பெருநாடியையும் எளிதில் அணுகிவிடுகின்றது. அவ்விடத்திற் கத்தி விரும்பியவாறு அகன்று செல்லல் இயலாது. விளிம்பில் எஞ்சும் சில கலங்களே நோய் மீளப் போதுமானவை.

கதிரை மட்டும் முன்னர் அளித்த பழைய ஆய்வுகள் தெளிவான பயனைக் காட்டவில்லை. மருந்தும் உடன் சேர்ந்தபோதே நிலை மாறிற்று. நெதர்லாந்தில் நடைபெற்று 2012இல் வெளியான 'குறொஸ்' ஆய்வில் 366 நோயாளர் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு நேரே சத்திரசிகிச்சை. மறு சாராருக்கு 23 தவணைகளில் 41.4 கிறே கதிரும், வாரந்தோறும் இருவகை மருந்தும் அளித்தபின் சத்திரசிகிச்சை. விளிம்பில் எச்சமின்றிக் கட்டியை அகற்ற முடிந்தமை முன்னவருள் 69 வீதம். பின்னவருள் 92 வீதம். இடைநிலை வாழ்வுக்காலம் 24 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்தது.

ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. சுரப்பிக் கலங்களில் எழும் வகைக்கு, கதிரின்றிச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருந்தளிப்பதே மேலென 2025இல் வெளியான ஜேர்மனிய ஆய்வு காட்டிற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தோடு தொடர்புடைய செதிற்கல வகைக்கோ, கதிரும் மருந்தும் இணைந்த முறை இன்றும் நிலைபெற்ற சிகிச்சைகளுள் ஒன்று. குறொஸ் ஆய்விற் கதிர் பெற்ற இவ்வகையினருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம், அறுத்தெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றுக்கலமே காணப்படவில்லை.

ஆயினும் வீதக் கணக்கு எவரையும் தேற்றிவிடாது. கத்தி ஏன் பிந்துகின்றது, அதுவரை உணவு எவ்வாறு செல்லும், அறுக்கும் நாள் எப்போது என்பனவற்றை வீட்டார் விளங்கும் தமிழில் எவரேனும் சொல்ல வேண்டும். மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்கும் இந்நாட்டு மாணவருக்கு இது சிறு பணியன்று. சொல்லப்படாத காத்திருப்பு நோயாளரைச் சிகிச்சையை விட்டே ஓடச் செய்யும். விளக்கப்பட்ட காத்திருப்போ சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.