செஞ்சியின் தூண்கள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துப் பெருமதில். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் பலர். இன்று விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சி.

வெளியூர்க்காரர்கள் ராஜகிரி ஏறி, கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வேங்கடரமணர் கோயிலுக்குப் போங்கள் என்பேன். கோட்டையின் புதுச்சேரி வாசலுக்குப் பக்கத்தில், 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாசலில் அவசரப்படாமல் நில்லுங்கள். ராமாயணக் காட்சிகள், திருமாலின் அவதாரங்கள், பாற்கடல் கடைதல் எல்லாம் சிறுசிறு கட்டங்களாகச் சுவரில் விரியும்.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஓர் இரவுத் தாக்குதலில் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம். இந்தக் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களை அவர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான்.

அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்தபடி புதுச்சேரி நகராட்சியின் 'மேரி' கட்டடம். பிரெஞ்சுக்காரர்கள் 1870–71இல் எழுப்பியது; வளைவுகளும் தூண் வரிசையுமாக வெள்ளை வெளேரென்ற முகப்பு. கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. பழைய முகம் மாறாமல் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த அக்கறை செஞ்சிக் கோயிலுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் 12இல் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். பெருமைக்குக் குறைவில்லை, வசதிக்குத்தான் பஞ்சம். வெயிலில் மலையேறி இறங்குகிறவர்கள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அலைகிறார்கள். படிகளின் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பாட்டில். திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துவிட்டது.

தூண்களைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை நின்ற கோயிலைப் பழுதுபார்த்து, சுண்ணாம்புப் பூச்சு உதிராமல் காப்பாற்றுங்கள். கடற்கரையில் அந்தத் தூண்களைப் பார்த்து வியக்கிறவர்களை இங்கே வரவழைக்கவும் வழி செய்யுங்கள். இடிந்த மேரியையே எழுப்பிவிட்டார்கள். இதைச் செய்ய முடியாதா?