மூன்று நாள் முன்பே தகவல் சொல்லிவிட்டு வரும் அலை! - டஹிட்டியின் டெயாஹூபோ

2024 ஜூலை 29 அன்று எடுக்கப்பட்ட அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அலைச்சறுக்கு வீரர் ஒருவர் ஒற்றை விரலை வானத்தை நோக்கி உயர்த்தியபடி அந்தரத்தில் நிமிர்ந்து நிற்பார். பக்கத்திலேயே அவருடைய பலகையும் செங்குத்தாக மிதக்கும். ‘கிராஃபிக்ஸ் வேலை’ என்று நினைத்தவர்கள் பலர். ஆனால், அது நிஜம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா, 9.90 புள்ளி பெற்ற அலையிலிருந்து வெளியே வந்த நொடி அது. படகில் இருந்தபடி க்ளிக் செய்தவர், ஏ.எஃப்.பி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜெரோம் ப்ரூயே.

பாரிஸ் ஒலிம்பிக்தான். ஆனால், அந்த அலை பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால், தென் பசிபிக்கில் இருக்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் டஹிட்டி தீவு. ஊர் பெயர் டெயாஹூபோ. வாயில் நுழையாத வெளிநாட்டு வீரர்கள் ‘சோ-பூ’ என்று சுருக்கிவிட்டார்கள். ‘மண்டை ஓடுகளின் சுவர்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். இந்த அலை எப்போது, எப்படி வரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், நம்மூர் கடற்கரைக்குப் போகும்போதும் அது கைகொடுக்கும்.

சாலை முடியும் ஊர்

டஹிட்டியை மேப்பில் பார்த்தால், சாய்ந்து கிடக்கும் 8 போலத் தெரியும். எரிமலைகள் எழுப்பிய இரண்டு நிலங்கள், ஒரு குறுகிய கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரியது டஹிட்டி நூயி, சிறியது டஹிட்டி இட்டி. சின்னத் தீவின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது டெயாஹூபோ. தலைநகர் பப்பீட்டேயிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஊரோடு தார்ச்சாலையும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் வீடுகளுக்குப் படகில் போகலாம், இல்லையென்றால் நடக்கலாம்.

பின்னால் பச்சை மலைகள், முன்னால் குளம் போன்ற அமைதியான கடல். ‘இங்கேயா அந்த அலை?’ என்று சந்தேகம் வரும். கண்ணைக் கொஞ்சம் தூரத்தில் ஓட்டினால், கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் பவளப்பாறை. தீவைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் போல அது நிற்பதால்தான் உள்ளே தண்ணீர் சும்மா கிடக்கிறது.

அந்தச் சுவரில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. மலையிலிருந்து ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு எதிரே, நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடாது. அங்கே ஆழமான ஒரு வழி உண்டாகிவிடும். டெயாஹூபோவின் வாசலுக்கு ‘ஹவாயே’ என்று பெயர். உலகமே பார்க்கும் அலை, இந்த வாசலின் ஓரத்தில்தான் உடைகிறது.

கால் தடுக்கி விழும் அலை

சென்னை கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்பவர்கள் விழுந்தால், கீழே மணல். அந்த மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அலை உடையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். பவளப்பாறை நகராது. அதனால், கடல் ஒரே மாதிரி வந்தால் அலையும் ஏறக்குறைய அதே இடத்தில், அதே வடிவத்தில் உடையும். வீரர்கள் கண்டம் விட்டு கண்டம் பறந்து வருவது இந்த நம்பகத்தன்மைக்காகத்தான்.

ஆபத்தும் அங்கேதான். டெயாஹூபோவில் பாறையின் வெளி விளிம்பைத் தாண்டியதும் கடல் மடமடவென்று நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆழ்கடலில் வரும் அலை, தன் வேகத்தை இழக்காமல் நேராக வந்து பாறையில் மோதுகிறது. அடிப்பகுதி தடுக்கி நிற்க, மேல்பகுதி முன்னால் பாய்ந்து விழுகிறது. பாறை மேல் இருக்கும் தண்ணீரையும் அலை தனக்குள் இழுத்துக்கொள்வதால், அதன் முன்னால் கடல்மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தக் குகைக்குள் நுழைந்து வெளியே வருவதுதான் விளையாட்டு. தவறி விழுந்தால், சில இடங்களில் ஒரு மீட்டர் தண்ணீர்கூட இருக்காது. அதற்குக் கீழே கத்தி போன்ற பவளம்.

2000 ஆகஸ்ட் 17 அன்று, ஜெட் ஸ்கீயால் இழுக்கப்பட்டு இங்கே ஒரு மாபெரும் அலையில் இறங்கினார் அமெரிக்கர் லெயர்ட் ஹாமில்டன். அந்த ஒரே அலை, டெயாஹூபோவை உலகப் பத்திரிகைகளின் அட்டைக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டில் உள்ளூர் வீரர் ஒருவர் இதே பாறையில் மோதி உயிரிழந்தார்.

பிறப்பது எங்கே?

டெயாஹூபோவில் வெயில் பளிச்சென்று அடிக்கும். காற்றே இருக்காது. ஆனாலும் பனைமர உயரத்தை எட்டிப் பிடிக்கும் அலை வரும். ஏனென்றால், அது உள்ளூர் காற்றில் பிறந்தது அல்ல. நியூசிலாந்துக்குத் தெற்கே, அண்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென் பெருங்கடலில் வீசும் குளிர்காலப் புயல்கள்தான் அதன் தாய். புயல் கிளப்பிய அலைகள், புயல் ஓய்ந்த பிறகும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. இவற்றைத்தான் ‘ஸ்வெல்’ என்கிறார்கள்.

இந்தப் பயணத்தை அளந்து காட்டியவர், கடல் விஞ்ஞானி வால்டர் மங்க். இரண்டாம் உலகப்போரின்போது, படைகள் தரையிறங்குவதற்காக அலை முன்னறிவிப்பு முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1963-ல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, தென் பெருங்கடல் புயல்களின் அலைகள் பசிபிக்கின் மறுமுனைவரை போவதை அவருடைய குழு பதிவுசெய்தது. இன்று வீரர்கள் போனில் பார்க்கும் அலை ஆப்களின் வேர், இதுபோன்ற ஆய்வுகளில்தான் இருக்கிறது.

ஐந்து எண்கள்

அலை முன்னறிவிப்பைத் திறந்தால் எண்களாகக் கொட்டும். பார்க்க வேண்டியவை ஐந்துதான்.

உயரம்: இது திறந்த கடலில் இருக்கும் உயரம். பாறையில் மோதும்போது அலை இதைவிட உயரமாக எழும்.

இடைவெளி: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பது. ஐந்தில் இதுதான் முக்கியம். 2 மீட்டர் உயரம், 8 நொடி என்றால் அது பக்கத்துக் காற்று கிளப்பிய சாதாரண அலை. அதே 2 மீட்டர், 16 நொடி என்றால் சுமந்து வரும் சக்தி இரண்டு மடங்கு. பாறையில் எழும்பும் உயரமும் அதிகம். இடைவெளி நீண்ட அலைகள் வேகமாகவும் வரும். 20 நொடி இடைவெளி கொண்ட ஸ்வெல், 4,000 கிலோமீட்டரைச் சுமார் மூன்று நாளில் கடக்கும். 10 நொடி ஸ்வெல்லுக்கு ஆறு நாள் ஆகும். ஆக, ஒரு புயலின் அலைகளில் மிகச் சக்தி வாய்ந்தவைதான் முதலில் வந்து கதவைத் தட்டும்!

திசை: டெயாஹூபோவுக்குத் தெற்கு - தென்மேற்கிலிருந்து வருவது நல்லது. மேற்குப் பக்கம் சாய சாய, அலை இன்னும் குடைவாகி, முரட்டுத்தனமாகிவிடும்.

காற்று: கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசினால் அலையின் முகம் கண்ணாடி போல இருக்கும். இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றை டஹிட்டிக்காரர்கள் ‘ஹூப்பே’ என்கிறார்கள். விடிகாலை அலை அழகாக இருப்பது அதனால்தான். ‘மராமு’ என்ற தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால், ஸ்வெல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடல் கலைந்துவிடும்.

ஓதம்: நம்மூரில் கடல் ஏறும், இறங்கும் நேரம் நிலவைப் பொறுத்துத் தினமும் தள்ளிப்போகும். டஹிட்டியில் அப்படி இல்லை. நிலவின் இழுப்பு அங்கே மிகக் குறைவாகத் தெரிவதால், சூரியனின் கணக்கே மேலோங்குகிறது. கிட்டத்தட்ட தினமும் நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் ஏறும். காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் இறங்கும். வித்தியாசமும் சுமார் ஓர் அடிதான். ஆனால், முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும் பாறையில் ஓர் அடி என்பது பெரிய விஷயம்.

எந்த மாதம், எப்படி?

ஏப்ரல், மே: மழை குறையும். தென் பெருங்கடல் விழிக்கத் தொடங்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: உச்சகட்ட சீஸன். பெரிய ஸ்வெல்கள் வருவதும் இப்போதுதான், மராமு தொல்லை தருவதும் இப்போதுதான்.

செப்டம்பர், அக்டோபர்: அலை தொடரும், மெல்லக் குறையும்.

நவம்பர் முதல் மார்ச் வரை: வெக்கையும் கனமழையும். இப்போது அலைகள் வட பசிபிக்கிலிருந்து வந்து தீவின் வடகரையைத் தட்டும். தெற்கே டெயாஹூபோ பெரும்பாலும் ஓய்வெடுக்கும். எல் நினோ ஆண்டுகளில் மட்டும் புயல் அபாயம் கூடுகிறது. 1982-83-ல் இந்தத் தீவுக்கூட்டத்தைப் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கின.

இத்தனை கணக்குக்குப் பிறகும் கடைசி வார்த்தை கடலுக்குத்தான். ஒலிம்பிக்கில் மெடினாவின் அலை வந்த சில நாள்களிலேயே, நிலைமை சரியில்லை என்று போட்டியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று நடந்த இறுதிப்போட்டியில் டஹிட்டியின் மைந்தன் காவ்லி வாஸ்ட், தொடக்கத்திலேயே இரண்டு நல்ல அலைகளைப் பிடித்துவிட்டார். பிறகு கடல் அடங்கிப்போனது. எதிராளியான ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சன், இரண்டாவது நல்ல அலைக்காகக் காத்திருந்து காத்திருந்து, நேரமே முடிந்துவிட்டது. தங்கம், அந்தக் கடலில் வளர்ந்த பையனுக்கு!

பவளம் போனால் அலையும் போகும்

ஒலிம்பிக்குக்கு முன் இந்த ஊர் ஒரு போராட்டத்தையும் நடத்தியது. நடுவர்களுக்காக, பழைய மரக் கோபுரத்துக்குப் பதில் பெரிய அலுமினியக் கோபுரம் ஒன்றைப் பாறை மேல் அமைக்கத் திட்டமிட்டார்கள். மீனவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் எதிர்த்தார்கள். 2023 டிசம்பரில் வெள்ளோட்டம் வந்த ஒரு மிதவைப் படகு, பவளத்தை உடைத்தது. அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. கடைசியில் கோபுரத்தின் அளவையும் எடையையும் குறைத்துத்தான் கட்டினார்கள்.

ஊர்க்காரர்களின் பயம் நியாயமானது. அந்தப் பவளம்தான் மீனுக்கு வீடு, கரைக்குக் காவல், அலைக்கு அச்சு. ‘ராஹூயி’ என்ற பழைய பாலினேசிய வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்று ஊரே சேர்ந்து விதிக்கும் தடை அது. டெயாஹூபோ பகுதியில் 2014 முதல் அப்படி ஓர் இடம் காக்கப்படுகிறது.

பார்க்கப் போகிறீர்களா?

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஆக்லாந்து அல்லது லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் மாறித்தான் போக வேண்டும். அனுபவமில்லாதவர்கள் இந்த அலையில் இறங்கவே கூடாது. ஆனால், பார்ப்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான பெரிய அலை கிடைப்பது அரிது. பாறை முடிந்து ஆழமான வாசல் தொடங்கும் இடத்தில் அலை சட்டென்று அடங்கிவிடும். அதனால், உள்ளூர் படகுக்காரர்கள் உங்களை அதன் அருகிலேயே கூட்டிப்போய் நிறுத்துவார்கள். காலை நேரமே நல்லது. உள்கடலில் குளிக்கலாம், ஆனால் வாசல் பக்கம் நீந்தாதீர்கள். பாறையைத் தாண்டி உள்ளே விழும் தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறும். இழுப்பு பலமாக இருக்கும்.

நம் கரைக்கும் இதே கணக்கு

தென் பெருங்கடல், பசிபிக்குக்கு மட்டும் அலை அனுப்புவதில்லை. இந்தியப் பெருங்கடல் பக்கம் கிளம்பும் ஸ்வெல், குமரி முனைக்கும் கேரளக் கரைக்கும் வருகிறது. காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு. ஆனால், கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். திருடனைப் போல வருவதால் அதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி, மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்துபோனார்கள். அந்த நாள்களையொட்டி, ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது.

டெயாஹூபோவில் வீரர்கள் பலகையை எடுப்பதற்கு முன் முன்னறிவிப்பைப் பார்க்கிறார்கள். நாமோ வானத்தைப் பார்த்துவிட்டு, ‘கடல் அமைதியாகத்தான் இருக்கிறது’ என்று காலை நனைக்கிறோம். அடுத்த முறை குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும்போது, இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கிறதா என்று போனில் பாருங்கள். அலையின் உயரம் சின்னதாக இருந்தாலும், இடைவெளி 15 நொடியைத் தாண்டியிருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். பிள்ளைகளோடு மணலில் தள்ளி உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கடல் எங்கேயும் போய்விடாது!