எரவாணத்துக் கோல்

கட்டையும் கட்டையும் உரசித் தீ உண்டாக்கக் கைவலு வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம் ஈரமில்லாத கட்டை. அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எனக்குக் கைவந்தது வில் போட்டுக் கடையும் முறை. நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற, லேசான, நன்றாகக் காய்ந்த மரத்தில் ஒரு பலகை. அதன் ஓரத்தில் சின்னக் குழி, குழியிலிருந்து விளிம்பு வரை ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு. குழியில் கோலை நிறுத்தி, அதன் தலையைச் சிரட்டைத் துண்டால் அழுத்திக்கொண்டு, வில்லின் கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மத்தில் கயிறு போட்டுத் தயிர் கடைகிற மாதிரிதான். புகை சீக்கிரமே வந்துவிடும். ஆனால் கண் இருக்க வேண்டியது வெட்டுக்குள் சேரும் தூளின் மேல். வெளிர் பழுப்பாக உதிர்ந்தால் சூடு போதவில்லை. கறுத்து, மெத்தென்று குவிந்தால் சரியான பக்குவம். அந்தத் தூளின் சூடு ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது தானே கனலத் தொடங்கும். கோலை எடுத்த பிறகும் புகை நூலாக எழுந்துகொண்டிருந்தால் உள்ளே கங்கு பிறந்துவிட்டது என்று பொருள். இனி அவசரமே கூடாது. பிரித்த தென்னைநாருக்குள் அதைச் சரித்து, பொத்திப் பிடித்து, மெல்ல ஊத வேண்டும். புகை தடித்து, மஞ்சளாகி, குப்பென்று பற்றும்.

மழைக்காலத்தில் இதே பலகையும் கோலும் புகையோடு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை மரம் குடித்திருக்கும். உரசலின் சூடெல்லாம் அந்த ஈரத்தை விரட்டவே சரியாகப் போய்விடும். இதைக் கையால் உணர்ந்த பிறகுதான் புறநானூற்றின் 315ஆம் பாட்டு எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதியமான் நெடுமான் அஞ்சியை, வீட்டுக் கூரையின் எரவாணத்தில் செருகிய ஞெலிகோலுக்கு, அதாவது தீக்கடையும் கோலுக்கு, ஒப்பிடுகிறார் ஔவையார். இருப்பது தெரியாமல் அடங்கியும் இருப்பான், வேண்டும்போது தீயாக வெளிப்படவும் செய்வான் என்கிறார். என் மனம் அந்த எரவாணத்திலேயே நிற்கிறது. மழை படாத, அடுப்புப் புகை ஏறுகிற இடம் அது. எந்த நேரம் எடுத்தாலும் தீ கொடுக்கும்படி கோல் அங்கே காய்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் அஞ்சியின் அடக்கம் ஓய்வு இல்லை, ஆயத்தம். என் வாசிப்பு இதுதான். தீக்கடைந்த வீட்டில் பழகியவருக்கே இந்த உவமை வாய்க்கும்.

இதே ஞெலிகோல் பெரும்பாணாற்றுப்படையிலும் வருகிறது. அங்கே இடையன் ஒருவன் புகை கமழக் கடைந்து எடுத்த தீயால் குழலுக்குத் துளையிடுகிறான். சுட்ட துளை கறுத்திருப்பதைக்கூட அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் விடவில்லை. சோறாக்க மட்டுமா தீ? பாட்டுக்கும் அதுவே கருவி.

வேள்விகளில் அரணிக் கட்டையைக் கயிற்றால் கடைந்து தீ எடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கேரளத்துப் பாஞ்ஞாளில் 1975இல் நடந்த அதிராத்திர வேள்வியிலும் அப்படித்தான் எடுத்தார்கள். நீலகிரித் தோடர்கள் சடங்குகளுக்கு உரசித் தீ எடுப்பதை மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தீப்பெட்டி வந்த பிறகும் இந்த வித்தை இப்படிச் சடங்குகளில் தங்கியிருக்கிறது. 1923இல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது நல்லதுதான். எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் வீட்டுப் புழக்கத்திலிருந்து கோல் போனதோடு, அதைக் கண்ணால் கண்டவர்களும் போய்விட்டார்கள்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஔவையாரின் இந்தப் பாட்டை நடத்தும் நாளில் காய்ந்த கோலும் பலகையும் கொண்டு வாருங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை வெட்டவெளிக்கு அழைத்துப்போய்க் கடையச் சொல்லுங்கள். உரையை அதற்குப் பிறகு சொல்லலாம்.